ஆக்சிமீட்டர் 97 காட்டுது, அப்பாவுக்கு ஏன் மூச்சு வாங்குது?

ஆவடி ஸ்டேஷன்ல நடைமேம்பாலம் ஏறி இறங்காத ஆள் நம்ம காலேஜ்ல ரொம்பக் குறைவு. பஸ்ஸை விட ட்ரெயினை நம்பி வர்ற கூட்டம்தானே நாம! 2021 ஜூலை மாசம் ஒரு நாள் அந்தப் படிக்கட்டுல எங்க அப்பா பாதியிலேயே நின்னுட்டார். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். பின்னாடி வந்தவங்க எங்களைச் சுத்திக்கிட்டுப் போனாங்க. அம்பத்தூர் பெரியம்மா வீட்டுக்குப் போகக் கிளம்பியிருந்தோம். மே மாசம்தான் அவருக்கு கோவிட் நிமோனியா வந்து, 9 நாள் ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் மாஸ்க்கோட படுத்திருந்து வீட்டுக்கு வந்திருந்தார்.

அப்போ எங்க வீட்டுல யார் வெளியே போனாலும் பையில ஆக்சிமீட்டர் இருக்கும். அப்பாவைப் படியிலேயே உட்கார வெச்சு, தண்ணி கொடுத்து, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு விரல்ல மாட்டினேன். 97. எனக்கு நிம்மதி. "97 இருக்கு பா. ஒண்ணுமே இல்ல. எல்லாம் மனசுல இருக்குற பயம்தான்"னு சொன்னேன். அவரும் நம்பிட்டார். அடுத்த வாரமே வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டார். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு லேத் பட்டறையில நாள் முழுக்க நின்னுக்கிட்டே பார்க்கிற வேலை.

நான் சொன்னது தப்பு. 97-ங்கிற நம்பர் பொய் சொல்லல. அது எந்தக் கேள்விக்குப் பதில்னு எனக்குத்தான் தெரியல. இன்னிக்கு ஃபைனல் இயர் ஈ.ஈ.ஈ. முடிக்கப் போறேன். மெஷர்மென்ட்ஸ் லேப்ல "எந்த கண்டிஷன்ல ரீடிங் எடுத்தீங்க?"னு மேடம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வரும். உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். கோவிட்தான்னு இல்ல, ஃப்ளூ மாதிரி வேற வைரஸ் நிமோனியாவா கூட இருக்கலாம். அதனாலதான் இந்தக் கட்டுரை.

உள்ள என்ன நடக்குது?

நம்ம நுரையீரலுக்குள்ள கோடிக்கணக்கான குட்டிக் குட்டி காற்றுப் பைகள் இருக்கு. ஆல்வியோலைனு ப்ளஸ் டூ பயாலஜியில படிச்சிருப்பீங்க. மொத்தம் 30 கோடிக்கு மேல. எல்லாத்தையும் பிரிச்சுத் தரையில விரிச்சா சுமார் 70 சதுர மீட்டர் வரும். நம்ம ஊர் கணக்குல 750 சதுர அடி, அதாவது ஒரு சின்ன ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். ஒரு ஃப்ளாட்டோட தரை முழுக்க நம்ம நெஞ்சுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கு!

இந்தப் பைகளோட சுவரை ஒட்டி மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுது. காத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கிற சுவர் பல இடங்கள்ல ஒரு மைக்ரான் கூடக் கிடையாது. தலைமுடியோட தடிமன் 70 மைக்ரான் பக்கம் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்க. ஆக்சிஜன் இந்தச் சுவரைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகணும். ஹீட் ட்ரான்ஸ்ஃபர் படிச்சவங்களுக்கு இது ரொம்ப ஈஸி. சுவரோட பரப்பு அதிகமா இருந்தா அதிகம் கடக்கும். தடிமன் அதிகமா இருந்தா கம்மியா கடக்கும். வெப்பத்துக்கு ஃபூரியர் விதி மாதிரி, இதுக்கு ஃபிக் விதி.

வைரஸ் நிமோனியா அடிக்கிறது இந்தச் சுவரைத்தான். சுவர்ல ரெண்டு வகை செல் இருக்கு. டைப் 1 செல் டைல்ஸ் மாதிரி தட்டையா பரவி, கிட்டத்தட்ட 95 சதவீதப் பரப்பை மூடியிருக்கும். டைப் 2 செல் எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தைச் சுரக்கும். சர்ஃபேக்டன்ட்னு பேர். அது இருந்தாதான் நாம மூச்சை வெளியே விடும்போது பைகள் சுருங்கி ஒட்டிக்காம இருக்கும். இன்னொரு முக்கியமான வேலையும் டைப் 2 செல்லோடதுதான். டைல்ஸ் உடைஞ்சா, தானே பிரிஞ்சு வளர்ந்து புது டைப் 1 செல்லா மாறி ஓட்டையை அடைக்கும். அதாவது வீட்டோட கொத்தனார். கோவிட் வைரஸ் நுரையீரல்ல நேரா போய்த் தாக்குறது இந்தக் கொத்தனாரைத்தான்.

கொத்தனாரே படுத்துட்டா என்ன ஆகும்? சுவர் உடையும், பைக்குள்ள நீரும் புரதமும் கசியும், சில பைகள் மூடிக்கும். அப்போ பரப்பு குறையுது, தடிமன் கூடுது. ஃபிக் விதியில ரெண்டு பக்கமும் அடி.

2021-ல நம்ம எல்லார் வீட்டுலயும் "சி.டி. ஸ்கோர் எவ்வளவு?"னு கேட்டது ஞாபகம் இருக்கா? நுரையீரல்ல 5 பகுதிகள், ஒவ்வொண்ணுக்கும் அதிகபட்சம் 5 மார்க், மொத்தம் 25. அப்பாவுக்கு 14. அந்த ஸ்கோர் அன்னிக்கு எவ்வளவு இடத்துல பாதிப்பு இருந்துச்சுனு மட்டும்தான் சொல்லும். ஆறு மாசம் கழிச்சு அந்த ஆளால எவ்வளவு தூரம் நடக்க முடியும்னு அதுல எழுதியிருக்காது.

நெகட்டிவ் ஆன பிறகும்

எஸ்.பி. பாலசுப்ரமணியம் சாரை நினைச்சுப் பாருங்க. 2020 ஆகஸ்ட் 5-ம் தேதி சென்னையில ஆஸ்பத்திரியில சேர்ந்தார். செப்டம்பர் தொடக்கத்துல அவருக்கு கோவிட் நெகட்டிவ்னு அவர் மகன் சரண் சொன்னப்போ தமிழ்நாடே சந்தோஷப்பட்டுச்சு. ஆனா அதுக்குப் பிறகும் வென்டிலேட்டரும் எக்மோவும் தேவைப்பட்டுச்சு. செப்டம்பர் 25-ம் தேதி அவர் நம்மை விட்டுப் போயிட்டார். "நெகட்டிவ் ஆயிடுச்சே, அப்புறம் ஏன்?"னு எங்க பாட்டி திரும்பத் திரும்பக் கேட்டாங்க. யாருக்கும் பதில் சொல்லத் தெரியல.

பதில் இதுதான். டெஸ்ட் வைரஸைத் தேடுது. வைரஸ் போன பிறகும் அது உடைச்ச சுவர் அப்படியேதான் இருக்கும். வெள்ளம் வடிஞ்சுடுச்சுனு சொன்னா வீடு காய்ஞ்சிடுச்சுனு அர்த்தம் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு அது நல்லாவே தெரியும். தண்ணி போக ஒரு வாரம், சுவர் காய மாசக்கணக்கு. லேசா பாதிச்சவங்களுக்குச் சில வாரத்துல காய்ஞ்சிடும். எங்க அப்பா மாதிரி ஆக்சிஜன் தேவைப்பட்டவங்களுக்கு நாள் ஆகும்.

அப்போ அந்த 97 எங்கிருந்து வந்துச்சு?

இதுதான் இந்தக் கட்டுரையோட மையம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல ஆக்சிமீட்டர் எப்படி வேலை செய்யுதுனு பார்ப்போம். அதுல ரெண்டு எல்.இ.டி. இருக்கு. ஒண்ணு 660 நானோமீட்டர் பக்கம் சிவப்பு, இன்னொண்ணு 940 பக்கம் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏத்தின ஹீமோகுளோபினும் ஏத்தாத ஹீமோகுளோபினும் இந்த ரெண்டு ஒளியையும் வெவ்வேற அளவுல உறிஞ்சும். நாடித் துடிப்போட சேர்ந்து மாறுற பகுதியை மட்டும் பிரிச்செடுத்து, விகிதம் பார்த்து சதவீதம் சொல்லுது. 1974-ல இந்த ஐடியாவைக் கொண்டு வந்தவர் ஜப்பானைச் சேர்ந்த டகுவோ அயோயாகி. அவரும் நம்மளை மாதிரி ஒரு இன்ஜினியர்தான். உலகமே அவர் கண்டுபிடிப்பை விரல்ல மாட்டிக்கிட்டிருந்த 2020 ஏப்ரல்ல அவர் காலமானார்.

இப்போ ஒரு லோக்கல் ட்ரெயினைக் கற்பனை பண்ணுங்க. ரத்தச் சிவப்பணுதான் ட்ரெயின். ஆக்சிஜன்தான் பயணிகள். காற்றுப் பையை ஒட்டின ரத்தக் குழாய்தான் பிளாட்ஃபாரம். நீங்க சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு சிவப்பணு அந்த பிளாட்ஃபாரத்துல சுமார் 0.75 விநாடி இருக்கும். நல்ல நுரையீரல்ல முதல் 0.25 விநாடியிலேயே பயணிகள் எல்லாரும் ஏறிடுவாங்க. மீதி 0.5 விநாடி ட்ரெயின் சும்மாதான் நிக்குது. இதுதான் நம்ம ரிசர்வ்.

நிமோனியாவுக்குப் பிறகு சுவர் தடிச்சிருக்கு, பயணிகள் மெதுவா ஏறுறாங்க. 0.25-க்குப் பதில் 0.5 விநாடி ஆகுதுனு வெச்சுக்கோங்க. உட்கார்ந்திருக்கும்போது பிரச்சினையே இல்ல. ட்ரெயின்தான் 0.75 விநாடி நிக்குதே! எல்லாரும் ஏறிடுவாங்க, மீட்டர் 97 காட்டும்.

இப்போ படி ஏறுங்க. இதயம் வேகமா பம்ப் பண்ணுது. ட்ரெயின் நிக்கிற நேரம் குறையுது. கடுமையான வேலையில அது 0.25 விநாடி வரைக்கும் இறங்கிடும். பாதிப் பயணிகள் பிளாட்ஃபாரத்துலயே நிக்கும்போது ட்ரெயின் கிளம்பிடுது. காலியான பெட்டியோட ரத்தம் உடம்புக்குப் போகுது. ஆக்சிஜன் அளவு இறங்குது, மூச்சு வாங்குது. நீங்க நின்னு உட்கார்ந்ததும் ட்ரெயின் பழையபடி நிதானமா நிக்கும், பெட்டி நிரம்பும். ரெண்டு நிமிஷம் கழிச்சு விரல்ல மாட்டினா மறுபடியும் 97. ஆவடி படிக்கட்டுல நான் பார்த்தது அந்த நம்பரைத்தான்.

ஈ.ஈ.ஈ. பசங்களுக்கு ஒரு வரியில சொல்லணும்னா, பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை லோடு இல்லாம மீட்டர் வெச்சுப் பார்த்த கதைதான் இது. 12.6 வோல்ட் அழகா காட்டும். ஃபேனைப் போட்டதும் படுத்துடும். பேட்டரியை லோடு போட்டுத்தான் டெஸ்ட் பண்ணணும், நுரையீரலையும் அப்படித்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. சாச்சுரேஷன் பரீட்சை மார்க் மாதிரி கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜனோட அழுத்தம் 100 மி.மீ. பாதரசம் இருந்தா சாச்சுரேஷன் 97 பக்கம் இருக்கும். அழுத்தம் 60-க்கு இறங்கினா சாச்சுரேஷன் 90. அதாவது அழுத்தம் 40 சதவீதம் போயிடுச்சு, மீட்டர்ல குறைஞ்சது 7 நம்பர்தான். வளைவு மேல தட்டையாவும் 90-க்குக் கீழ செங்குத்தாவும் இருக்கு. "97-ல இருந்து 91-தானே, பரவாயில்ல"னு நினைக்கிறது ஆபத்து.

கடைசியா, தோல் நிறம். 2020 டிசம்பர்ல அமெரிக்காவில வந்த ஒரு ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டினவங்களோட ரத்தத்தை நேரடியா எடுத்துச் சோதிச்சாங்க. கறுப்பின நோயாளிகள்ல 100 பேருக்குக் கிட்டத்தட்ட 12 பேருக்கு உண்மையான அளவு 88-க்குக் கீழ இருந்துச்சு. வெள்ளையர்கள்ல அது 4 பேர் பக்கம்தான். நம்ம ஊர் நிறத்துக்கும் இதை ஞாபகம் வெச்சுக்கிறது நல்லது. விரல் ஜில்லுனு இருந்தாலோ நெயில் பாலிஷ், மருதாணி இருந்தாலோகூட ரீடிங் குழம்பலாம். ஒரு ரீடிங்கை நம்பாம, அதே விரல்ல அதே மீட்டர்ல ஓய்வுல எவ்வளவு, நடந்தா எவ்வளவுனு வித்தியாசத்தைப் பாருங்க.

நுரையீரலை எப்படி அளக்கறாங்க?

மூணு டெஸ்ட் தெரிஞ்சா போதும்.

முதலாவது ஸ்பைரோமெட்ரி. மூச்சை முழுசா இழுத்து, ஒரு குழாய்க்குள்ள பலமா ஊதணும். மொத்தம் எவ்வளவு காத்து வந்துச்சு, முதல் விநாடியில எவ்வளவு வந்துச்சுனு பார்ப்பாங்க. முதல் விநாடிப் பங்கு குறைஞ்சிருந்தா குழாய்ல அடைப்பு, ஆஸ்துமா மாதிரி. அந்தப் பங்கு நல்லா இருந்து மொத்தமே குறைஞ்சிருந்தா நுரையீரல் விரியலனு சந்தேகப்படுவாங்க. நிமோனியாவுக்குப் பிறகு பெரும்பாலும் ரெண்டாவதுதான். இந்தக் கருவியை 1846-ல அறிமுகப்படுத்தினவர் ஜான் ஹட்சின்சன்ங்கிற இங்கிலாந்து டாக்டர். 2,000 பேருக்கு மேல ஊத வெச்சு அளந்தாராம்!

ரிப்போர்ட்ல "எதிர்பார்க்கப்படும் அளவில் இத்தனை சதவீதம்"னு போட்டிருக்கும். யாரோட எதிர்பார்ப்பு? வயசு, உயரம், ஆணா பெண்ணா மட்டும் இல்லாம எந்த ஊர் ஆளுங்களை வெச்சுக் கணக்குப் போட்டாங்கங்கிறதும் முக்கியம். வெள்ளைக்காரங்களோட அட்டவணையில வெச்சா நம்ம ஊர்ல நல்லா இருக்கிறவங்களுக்கே குறைவா காட்டும். அதனாலதான் சென்னை சேத்துப்பட்டுல இருக்கிற காசநோய் ஆராய்ச்சி மையத்துல டாக்டர் வி.கே. விஜயன் குழு, மெட்ராஸ்ல ஆரோக்கியமா இருந்த இளவயசுக்காரங்களை அளந்து 1990-ல வெளியிட்டாங்க. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பதறாம, எந்த அட்டவணைனு டாக்டர்கிட்ட கேளுங்க.

ரெண்டாவது டி.எல்.சி.ஓ. சுவர் எவ்வளவு நல்லா கடத்துதுனு நேரடியா பார்க்கிறது இதுதான். 0.3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு கலந்த காத்தை ஒரே இழுப்புல இழுத்து, 10 விநாடி அடக்கி, வெளியே விடணும். எவ்வளவு திரும்பி வருதுனு பார்த்தா எவ்வளவு சுவரைத் தாண்டிப் போச்சுனு தெரிஞ்சிடும். "கார்பன் மோனாக்சைடா? விஷமாச்சே!"னு நானும் பயந்தேன். இவ்வளவு கம்மியான அளவு, ஒரே மூச்சு, அதனால ஆபத்தில்ல. ஹீமோகுளோபின் அதை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். உள்ள போனது திரும்பி வராததால கணக்கு சுத்தமா இருக்கும். இந்த முறையை 1915-ல உருவாக்கினவர் மேரி க்ரோக், டென்மார்க்கைச் சேர்ந்த பெண் டாக்டர். ரத்தசோகை இருந்தாலும் இந்த அளவு குறையும். அதனால ஹீமோகுளோபின் டெஸ்டும் சேர்த்து எடுக்கணும்.

மூணாவது, காசே இல்லாதது. 6 நிமிட நடை. ஆஸ்பத்திரியில 30 மீட்டர் வராண்டாவுல முடிஞ்ச வரைக்கும் வேகமா நடக்கச் சொல்லி, தூரத்தையும் சாச்சுரேஷனையும் பார்ப்பாங்க. அப்பா வேலைக்குப் போய் மூணு வாரம் கழிச்சு, பட்டறையிலேயே ஒரு நாள் தலை சுத்தி உட்கார்ந்துட்டார். அப்புறம்தான் நெஞ்சக நோய் டாக்டர்கிட்ட போனோம். "97 இருக்கு டாக்டர்"னு நான் முந்திக்கிட்டுச் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "விரல்லயே இருக்கட்டும், நடங்க"ன்னார். நாலாவது நிமிஷத்துல 88. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் தரையைத் தவிர வேற எங்கயும் பார்க்க முடியல. டி.எல்.சி.ஓ. 58 சதவீதம் வந்துச்சு.

எத்தனை நாள் ஆகும்?

வீட்டுல எல்லாரும் கேட்கிற கேள்வி இது. வூஹான்ல கடுமையான கோவிட் நிமோனியாவில இருந்து மீண்ட 83 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்தாங்க. வென்டிலேட்டர் போகாதவங்க, சர்க்கரை, பி.பி. மாதிரி வேற வியாதி இல்லாதவங்க. டி.எல்.சி.ஓ. நடுமதிப்பு 3-வது மாசம் 77 சதவீதம். 6-வது மாசம் 76. ஒரு வருஷத்துல 88. இதை நல்லா கவனிங்க. 3-ல இருந்து 6 மாசத்துக்குள்ள ஒண்ணுமே நகரல! அந்த இடத்துலதான் நிறைய பேர் "இனிமே இவ்வளவுதான்"னு மனசு விட்டுடுவாங்க. அதுக்குப் பிறகுதான் ஏறியிருக்கு. அதே சமயம் ஒரு வருஷம் முடிஞ்சும் மூணுல ஒருத்தருக்கு டி.எல்.சி.ஓ. குறைவாவே இருந்துச்சு. நாலுல ஒருத்தருக்கு சி.டி.யில மாற்றம் இருந்துச்சு.

நம்ம பக்கத்துல, வேலூர் சி.எம்.சி.யில கோவிட் வந்து மீண்ட 207 பேரைப் பரிசோதிச்சாங்க. சராசரியா ரெண்டு மாசம் கழிச்சு. அந்த ஆய்வு 2023 கடைசியில வெளிவந்துச்சு. 44 சதவீதம் பேருக்கு டி.எல்.சி.ஓ. குறைவு. 35 சதவீதம் பேருக்கு நுரையீரல் முழுசா விரியல. 8 சதவீதம் பேருக்கு அடைப்பு. டிவியில "இந்தியர்களின் நுரையீரல் அதிகம் சேதம்"னு ஓட்டினாங்க. ஆனா ரெண்டு மாசத்துல எடுத்த ஃபோட்டோவை வெச்சு வாழ்நாள் முழுக்க இப்படித்தான்னு முடிவு பண்ணக் கூடாது. வூஹான்காரங்களும் மூணாவது மாசத்துல எடுத்திருந்தா மோசமாதானே தெரிஞ்சிருப்பாங்க?

ஏன் சிலருக்கு முழுசா சரியாகுது, சிலருக்கு ஆகல? டைல்ஸுக்கு அடியில ஒரு மெல்லிய அடித்தளச் சவ்வு இருக்கு. அது உடையாம இருந்தா, டைப் 2 செல் அதுமேல வளர்ந்து பழைய சுவரையே திரும்பக் கட்டிடும். அடித்தளமே கிழிஞ்ச இடத்துல உடம்பு அவசரமா நார்த்திசுவைப் போட்டு அடைக்கும். அது தழும்பு. தழும்பு சுருங்கவும் விரியவும் செய்யாது. சி.டி.யில இருக்கிற எல்லா வெள்ளைத் திட்டும் தழும்பு கிடையாது. பல இடத்துல அது இன்னும் அடங்காத வீக்கம்தான், நாளாக ஆகக் கரையும். சிலருக்கு அதுக்கு ஸ்டீராய்டு மாத்திரை உதவும். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள்ங்கிறதை டாக்டர் மட்டும்தான் முடிவு பண்ணணும். பக்கத்து வீட்டு அண்ணன் சாப்பிட்டார்னு மெடிக்கல்ல கேட்டு வாங்காதீங்க. சர்க்கரை ஏறும், காசநோய் எட்டிப் பார்க்கும்.

மூச்சு வாங்குறதுக்கு நுரையீரல் மட்டும் காரணம் இல்ல

டாக்டர் அப்பாவோட தொடையைப் பிடிச்சுப் பார்த்து, "மெஷின்ல நின்ன கால் எங்க போச்சு?"ன்னு கேட்டார். படுக்கையில இருந்தா தசை வேகமா கரையும். ஸ்டீராய்டும் தசையைக் கரைக்கும். பலமில்லாத தசை அதே படியை ஏற அதிகமா கஷ்டப்படும், சீக்கிரமே மூச்சு வாங்க வைக்கும். மூச்சு வாங்குதுனு பயந்து நடக்காம இருந்தா தசை இன்னும் கரையும். இந்தச் சுழல்ல மாட்டினவங்களுக்கு டி.எல்.சி.ஓ. சரியான பிறகும் மூச்சு வாங்கும். இதயம், ரத்தசோகை, காலில் ரத்தக் கட்டி, பயத்துல மேல்மூச்சு விடுற பழக்கம் எல்லாமே காரணமா இருக்கலாம். அதனால "97 இருக்கு, பயம்தான்"னு தள்ளுறது எவ்வளவு தப்போ, "நுரையீரலே போச்சு"னு மூலையில உட்கார வைக்கிறதும் அவ்வளவு தப்பு.

அப்பா என்ன செஞ்சார்?

முதல்ல பட்டறையில ரெண்டு மாசம் லீவ். சம்பளம் இல்லாத லீவ்தான், அம்மாவோட நகை ரெண்டு அடகுக்குப் போச்சு. அதை நான் மறைக்க விரும்பல. ஓய்வு எடுங்கன்னு சொல்றது ஈஸி, எடுக்கிறதுக்குப் பணம் வேணும்.

அப்புறம் நடை. முதல் வாரம் சமதளத்துல 5 நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. நடந்துக்கிட்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியணும், அதுதான் ஸ்பீடு லிமிட். பேச முடியலைன்னா வேகத்தைக் குறைக்கணும். ஒவ்வொரு வாரமும் ரெண்டு மூணு நிமிஷம் கூட்டினார். நாற்காலியில கை ஊணாம உட்கார்ந்து எழுந்திரிக்கிறது, 5 தடவையில ஆரம்பிச்சு 20 வரை. மூச்சு வாங்கும்போது விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா வெளியே விடுறது. படி ஏறும்போது மூச்சை அடக்காம, ஏறுற நேரத்துல வெளியே விடுறது. அடுத்த நாள் அடிச்சுப் போட்ட மாதிரி அசதி வந்தா முந்தின நாள் அளவு அதிகம்னு அர்த்தம். அப்போ கூட்டக் கூடாது, குறைக்கணும்.

மூணு பந்து வெச்ச ப்ளாஸ்டிக் கருவி ஒண்ணு கொடுத்திருந்தாங்க. எங்க வீட்டுல நடந்த காமெடி இது. அப்பா ஒரு மாசமா அதை ஊதிக்கிட்டு இருந்தார்! பந்து மேல வரலைன்னு கோபம் வேற. அதை ஊதக் கூடாது, உறிஞ்சணும். முதல் பந்து எழும்ப விநாடிக்கு 600 மில்லி, ரெண்டாவதுக்கு 900, மூணாவதுக்கு 1,200 மில்லி வேகத்துல இழுக்கணும். மெதுவா இழுத்து, பந்தை ரெண்டு மூணு விநாடி மேலேயே நிறுத்துறதுதான் பயிற்சி. ஆனா அந்தப் பந்துகளை விட நடைதான் அப்பாவை மீட்டுச்சுனு நான் நம்புறேன்.

6 மாசத்துல டி.எல்.சி.ஓ. 66. ஒரு வருஷத்துல 79. அதுக்கு மேல பெருசா ஏறல.

நீங்க செய்ய வேண்டியது

வீட்டுல யாராவது நிமோனியாவில இருந்து மீண்டு வந்தா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, ஓய்வுல ஒரு ரீடிங் எடுங்க. 94-க்கு மேல இருந்தா, பக்கத்துலயே இருந்து, மீட்டரைக் கழட்டாம வீட்டுக்குள்ளேயே நடக்க விடுங்க. 4 நம்பர் அல்லது அதுக்கு மேல இறங்கினாலோ, பாதியில மூச்சு முட்டினாலோ, உடனே நிறுத்தி நெஞ்சக நோய் டாக்டரைப் பாருங்க. ஓய்விலேயே 94-க்குக் கீழ இருந்தா நடக்க வைக்கவே வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி. திடீர்னு நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்குறது, சளியில ரத்தம், மயக்கம் வந்தா 108-க்குப் போன் பண்ணுங்க. இருமல் ரெண்டு வாரம் தாண்டினா சளிப் பரிசோதனை, அரசு மருத்துவமனையில இலவசம். தாம்பரம் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனை 1928-ல இருந்து இதே வேலையைத்தான் செய்யுது. நம்ம பக்கத்துல இருந்து தூரம்தான், ஆனா தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

வீட்டுல யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. போகி அன்னிக்குக் காலையில ஜன்னலை மூடி வைங்க. எஸ்டேட்ல க்ரைண்டிங், வெல்டிங் வேலை பார்க்கிறவங்களா இருந்தா வேலைக்குத் திரும்புறதுக்கு முன்னாடி தூசி, புகை பத்தி டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவங்களா கேட்க மாட்டாங்க, நாமதான் சொல்லணும்.

எல்லாத்துக்கும் மேல, அவங்க "மூச்சு வாங்குது"ன்னு சொன்னா நம்புங்க. அதுவும் ஒரு ரீடிங்தான்.

அப்பா இப்பவும் அதே பட்டறைக்குத்தான் போறார். ஆவடி மேம்பாலத்துல பாதியில ஒரு தடவை நிப்பார். முன்னாடி கைப்பிடியைப் பிடிச்சுத் தலை குனிஞ்சு நின்னவர், இப்போ கீழே போற ட்ரெயினை வேடிக்கை பார்க்கிற மாதிரி நிப்பார். நானும் கூட நின்னு ட்ரெயின் பார்ப்பேன். மீட்டரை வெளியே எடுக்கிறதில்ல. "போலாமா பா?"ன்னு கேட்பேன். "இரு மா, ஒரு நிமிஷம்"பார். அந்த ஒரு நிமிஷம் முடிஞ்சதும் கிளம்புவோம்.